ஆடாமல் மைதானத்தில் நிற்பது எப்படி?

வணக்கம் மேடம்,

எனக்கு 26 வயது. பெயர், ஊர் வேண்டாம். பள்ளி நாளிலிருந்தே ஃபுட்பாலில் நான் மிட்ஃபீல்டர், நடுக்களத்தில் ஆடுபவன். டிவிஷன் லீக் வரை ஆடியிருக்கிறேன். போன வருடம் ஒரு மேட்ச் நடுவே மயங்கி விழுந்தேன். எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்டர் (நாள் முழுக்க உடம்பில் மாட்டி எடுக்கும் இசிஜி) எல்லாம் எடுத்துப் பார்த்ததில் இதயத் தசை தடித்திருக்கிறதாம். "போட்டி ஆட்டம் இனி வேண்டாம், நடக்கலாம், மெதுவாக சைக்கிள் ஓட்டலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது அதே கிளப்பில் 13 வயதுப் பசங்களுக்குக் கோச்சாக வரச் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ஸ்பெயின் மிட்ஃபீல்டர் சாபி அலோன்சோவே சின்னப் பசங்களோடதான கோச்சிங் ஆரம்பிச்சார், இப்ப எங்க இருக்கார் பாரு" என்கிறார் மச்சான். கூட ஆடிய நண்பன், "ஸ்பெயினில் தெ லா ரெட் உன்னை மாதிரியே விழுந்தவர், அப்புறம் ரியல் மாட்ரிட்லயே கோச் ஆயிட்டார்" என்கிறான். எனக்கோ மைதானம் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஒரு நாள் போய் நின்றேன். அந்தப் பசங்க ஓடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. பன்னிரண்டு வயசுப் பையனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று கேவலமாகவும் இருந்தது. மேட்ச் நடுவே இதயம் நின்று விழுந்த டென்மார்க் வீரர் எரிக்சன் திரும்பி வந்து ஆடவில்லையா என்று இன்னொரு பக்கம் மனசு சொல்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இனி இருந்து என்ன செய்யப் போகிறோம் என்றும் சில நேரம் தோன்றுகிறது. என் தம்பியும் ஆடுகிறான். அவன் மேட்சுக்கும் நான் போவதில்லை.

கோச்சிங்கை ஒத்துக்கொள்வதா, வேண்டாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக்கு முந்தைய வரிகளில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "இருந்து என்ன செய்யப் போகிறோம்" என்பது சலிப்பில் வந்த பேச்சாக இருக்கலாம், அதைவிடக் கனமானதாகவும் இருக்கலாம். அந்த எண்ணம் வரும் இரவில் தனியாக இருக்காதீர்கள். 14416, மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தூக்கம் வராததையும் அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். இது இதய நோயாளிகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான், அதற்குச் சிகிச்சை உண்டு.

சரி, மச்சான் சொன்ன உதாரணத்துக்கு வருவோம். அதைத் தள்ளி வைத்துவிடலாம். அலோன்சோ 2017-இல் 35 வயதில், தானே முடிவெடுத்து ஆட்டத்தை விட்டவர். அதற்குள் ஒரு உலகக் கோப்பை, இரண்டு யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), இரண்டு சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை). மறுவருடம் ரியல் மாட்ரிட்டின் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச். பிறகு ரியல் சோசியதாத்தின் பி அணியில் மூன்று சீசன். 2021-இல் அந்த அணியை இரண்டாம் டிவிஷனுக்குக் கொண்டுபோனார், 1962-க்குப் பிறகு முதல் முறையாக. அடுத்த சீசனிலேயே அது கீழே இறங்கியதை உங்கள் மச்சான் சொல்லியிருக்க மாட்டார். பிறகு ஜெர்மனியின் லெவர்குசன் அணியை அவர் சாம்பியன் ஆக்கிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவர். உங்களை இலையில் சோறு விழுந்ததும் எழுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

நண்பர் சொன்ன ரூபென் தெ லா ரெட் உங்களுக்கு நெருக்கமானவர். ஆனால் நண்பர் அந்தக் கதையின் கடைசி வரியை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

மாட்ரிட்டை ஒட்டிய மொஸ்தோலஸில் 1985-இல் பிறந்தவர். ரியல் மாட்ரிட் இளையோர் அணிகளில் வளர்ந்து, 2007-இல் பக்கத்துக் கிளப்பான கெடாஃபேக்குப் போனார். 2008 ஏப்ரலில் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பைக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், பாயர்ன் மியூனிக்கோடு. ஆறாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேராகக் கெடாஃபே கூடுதல் நேரத்தில் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி நேரத்தில் இரண்டு கோல் வாங்கி, இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமனானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற அப்போதைய விதியால் போட்டியை விட்டு வெளியேறியது. எந்த ஆட்டக்காரனுக்கும் பல நாள் தூக்கம் போகும். ஆனால் இரண்டே மாதத்தில் சால்ஸ்பர்க்கில், யூரோவில் கிரீஸுக்கு எதிராக, ஸ்பெயினுக்குச் சமன் செய்யும் கோலை அடித்தார். அன்று அவரோடு நடுக்களத்தில் இறங்கியவர்களில் அதே அலோன்சோவும் ஒருவர். ஸ்பெயின் கோப்பையை வென்றது, ரியல் மாட்ரிட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

2008 அக்டோபர் 30. இருன் நகரில் கோப்பா தெல் ரே (ஸ்பெயின் கிளப்புகளின் கோப்பை) ஆட்டம், எதிரணி சிறிய கிளப்பான ரியல் யூனியன். ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் விழுந்தார். அப்போது அவருக்கு 23 வயது. அதற்குப் பிறகு ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை.

எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இனிமேல்தான். அவர் ஓய்வை அறிவித்தது 2010 நவம்பரில். நடுவில் இரண்டு வருடம், ஆடுவோமா மாட்டோமா என்று தெரியாமல். ஸ்பெயினில் எல்லோரும் பயந்திருந்த காலம் அது. 2007-இல் செவியா கிளப்பின் அன்டோனியோ புவெர்தா மைதானத்தில் விழுந்து மூன்றாம் நாள் இறந்திருந்தார். 2009-இல் எஸ்பன்யோல் கிளப்பின் கேப்டன் டானி ஹார்கே 26 வயதில் இதயம் நின்று இறந்தார். அதே 2009-இல் ரியல் மாட்ரிட்டின் நடுக்களத்துக்கு அலோன்சோவை வாங்கி வந்தார்கள். 2010 ஜூலையில், சால்ஸ்பர்க்கில் கூட ஆடியவர்களில் பலர் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் 25 வயதில் ஓய்வு, அப்புறம் கிளப்பின் இளையோர் அணிகளில் பயிற்சி வேலை. அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்லப் போவதில்லை. "விழுந்தார், அப்புறம் கோச் ஆனார்" என்ற வாக்கியத்தில் அந்த "அப்புறம்" இரண்டு வருடம் நீளமானது என்பதை மட்டும் பாருங்கள். உங்களுக்கு நடந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

ஆட்டக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்தே உங்களுக்குப் பழக்கியது, தோற்றால் அடுத்த மேட்சில் பார்த்துக்கொள்ளலாம் என்பது. சிவப்பு அட்டைக்குக் கிரீஸ் ஆட்டம் மருந்தானது அப்படித்தான். இந்த இழப்புக்கு அப்படி ஓர் அடுத்த மேட்ச் இல்லை. அதனால் மனசு எங்காவது ஒன்றைத் தேடுகிறது. எரிக்சனைப் பிடித்துக்கொள்கிறது. அவருக்கு நெஞ்சில் டீஃபிப்ரிலேட்டர், அதாவது இதயத் துடிப்பு தப்பினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி, பொருத்தினார்கள். அந்தக் கருவியோடு ஆட இத்தாலி விதி இடம் கொடுக்காததால் இங்கிலாந்துக்குப் போய் ஆடினார். அவர் இதயம் வேறு, உங்கள் இதயம் வேறு. இந்தக் கேள்வியை ராத்திரி உங்களையே கேட்டுக்கொள்ளாமல் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், "ஏன் கூடாது" என்பதையும் சேர்த்து. அரைகுறை நம்பிக்கை, தெளிவான இல்லை என்பதைவிட அதிகம் வதைக்கும். நாடி பார்க்கும் பழக்கத்தையும் அவரிடம் சொல்லுங்கள். எந்த அறிகுறிக்கு ஓடி வர வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அவர் தாளில் எழுதிக் கொடுத்தால் கை தானாகக் குறையும்.

பொறாமையில் கேவலம் ஒன்றும் இல்லை. உங்களிடமிருந்து பறிபோனது அவன் காலில் இருக்கிறது, வேறென்ன தோன்றும்? வீட்டில் யாரும் இதைச் சாவு மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை, "உயிர் தப்பியதே பெரிசு" என்று முடித்துவிட்டார்கள். அதனால் நீங்கள் துக்கம் அனுஷ்டிக்கவே இல்லை. மச்சானிடம் ஒரு நாள் சொல்லிவிடுங்கள், "எனக்கு உதாரணம் வேண்டாம், கொஞ்ச நாள் வருத்தப்பட விடுங்க" என்று.

கோச்சிங்கை இப்போது ஒத்துக்கொள்ள வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். இந்த சீசன் முடியட்டும் என்று கிளப்பிடம் கேளுங்கள். காத்திருக்காவிட்டால் போகட்டும், சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் கேட்கும் இடம் அது ஒன்று மட்டும் இல்லை. இந்த வேலை உங்கள் ஆட்டத்தைத் திருப்பித் தராது என்பது வலித்தாலும் ஏற்க முடிகிற அளவுக்கு வந்த பிறகு, ஒரு மாதம் உதவியாளராகப் போய்ப் பாருங்கள். பையனின் தப்பான பாஸைப் பார்த்ததும் "நான்னா அங்க கொடுத்திருப்பேன்" என்பதோடு நிற்கிறீர்களா, "இவனுக்கு எப்படிக் காட்டுவது" என்று யோசிக்கிறீர்களா, அதைக் கவனியுங்கள். இரண்டாவது வராவிட்டால் அந்த வேலை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

போனால், உங்கள் நிலைமையைக் கிளப்பில் ஒளிக்காதீர்கள். மைதானத்தில் இன்னும் இரண்டு பேருக்காவது சிபிஆர் (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் நிற்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். செய்து காட்டும்போது "ஒரு அஞ்சு நிமிஷம்தானே" என்று பசங்களோடு ஆட்டத்தில் இறங்கிவிடாதீர்கள், அந்த ஆசை வரத்தான் செய்யும்.

தம்பியும் ஆடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதயத் தசைத் தடிப்பு பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. கூடப் பிறந்தவர்களுக்கும் எக்கோ, இசிஜி பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரா? சொல்லாவிட்டாலும் இந்த வாரமே கேளுங்கள். அவனை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.