கணிப்பொறி சொல்லிவிட்டது என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் ஒரு நகராட்சி மன்ற உறுப்பினர். எங்கள் ஊரின் அடுத்த 20 ஆண்டுக் குப்பை மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிக்க ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். ஆறு வழிகளை மென்பொருளில் ஒப்பிட்டதாகவும், குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பதே சிறந்தது என்று அது காட்டுவதாகவும் அறிக்கை தந்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக வரைபடங்கள்; எனக்குப் புரியவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் தர வேண்டுமாம். நம்பலாமா? இலவச மென்பொருள்கள் இருக்கின்றனவாமே, அவற்றை வைத்து நாங்களே சரிபார்க்க முடியாதா?

பதில்: அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் தராதீர்கள். உங்கள் அறிக்கையை நான் பார்க்கவில்லை. அதன் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த மென்பொருளுக்குள் என்னென்ன எண்கள் போடப்பட்டன என்பதை உங்களுக்கு யாரும் காட்டவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது, மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் நிலம் வாங்குவதைப் போன்றது.

இந்த மென்பொருள்கள் செய்யும் வேலையில் மந்திரம் ஏதும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை டன் குப்பை, அதில் உணவுக் கழிவு எவ்வளவு, தாள், பிளாஸ்டிக், மண் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, லாரி எவ்வளவு தூரம் ஓடும் என்று நாம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு நிலம், செலவு, மின்சாரம், புகை, மீத்தேன் என்று அது பெருக்கிக் கூட்டித் தரும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஈஸ்டெக், இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை உருவாக்கிய ரேட், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்வோல்ஃப், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வார்ம் ஆகியவை நேர்மையான ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியவை. அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இத்தகைய மென்பொருள்களில் பல எண்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் அந்த மென்பொருள் பிறந்த நாட்டுக் குப்பையின் எண்கள். உங்கள் ஊரில் யாரும் குப்பையை அளக்கவில்லை என்றால் அந்த எண்கள் அப்படியே தங்கிவிடும். கணக்கு ஓடும், வண்ண வரைபடமும் வரும், ஆனால் அது வேறோர் ஊரின் குப்பைக்கான திட்டம்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு ஈரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் செலவாகும். ஒரு கிலோ குப்பையில் 300 கிராம் ஈரம், 200 கிராம் மண்ணும் சாம்பலும், மீதி 500 கிராம் எரியும் பொருள் என்று வையுங்கள். எரியும் பொருள் கிலோவுக்கு 18 மெகாஜூல் தரும் என்று கொண்டால், தண்ணீரை ஆவியாக்கியது போகக் கையில் நிற்பது சுமார் 8.3 மெகாஜூல். நன்றாக எரியும். இப்போது ஈரத்தை 550 கிராமாக மாற்றுங்கள். எரியும் பொருள் 250 கிராமாகக் குறைந்துவிடும். கையில் நிற்பது 3.2 மெகாஜூல்தான். உலக வங்கி 1999இல் வெளியிட்ட வழிகாட்டி என்ன சொல்கிறது தெரியுமா? எரிஉலைக்கு வரும் குப்பையின் வெப்ப மதிப்பு ஆண்டுச் சராசரியில் கிலோவுக்கு 7 மெகாஜூலாவது இருக்க வேண்டும். எந்தப் பருவத்திலும் 6க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, ஒரே ஒரு பெட்டியில் 30 என்று போடுவதா 55 என்று போடுவதா என்பதிலேயே உங்கள் எரிஉலையின் தலைவிதி இருக்கிறது. ஈரக் குப்பை வரும் உலை தானாக எரியாது. டீசலோ எரிவாயுவோ ஊற்றி எரிக்க வேண்டிவரும். மின்சாரம் விற்று வருமானம் பார்க்கப் போகிறோம் என்று தொடங்கி, எரிபொருள் வாங்கப் பணம் தேடி அலைவீர்கள்.

குப்பைக் கிடங்கிலிருந்து மீத்தேனை உறிஞ்சி மின்சாரம் எடுக்கலாம் என்பவர்களிடமும், போட்ட எண் எந்த ஊருடையது என்ற இதே கேள்வியைக் கேளுங்கள். அமெரிக்க முகமையின் லேண்ட்ஜெம் என்ற இலவசக் கணக்கீட்டுத் தாளில் வழக்கமாக நிற்கும் சிதைவு எண் ஆண்டுக்கு 0.05. அதாவது குப்பையின் வாயு வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். பன்னாட்டுக் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியோ, மழை மிகுந்த வெப்பப் பகுதிகளின் கலப்புக் குப்பைக்கு 0.17 என்றும், உணவுக் கழிவுக்கு மட்டும் 0.4 என்றும் தருகிறது. அப்படியானால் முறையே நான்கு ஆண்டுகள், இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. வெப்பமும் மழையும் மிகுந்த ஊரில் 0.05ஐ அப்படியே விட்டுவைத்தால், 20 ஆண்டுகளுக்கு வாயு வரும் என்று நம்பி இயந்திரம் வாங்கி, கிடங்கை மூடிய சில ஆண்டுகளிலேயே அதை நிறுத்தி வைக்க நேரும்.

ஆகவே முதல் கேள்வி: குப்பையை எங்கே, எப்போது, யார் எடைபோட்டுப் பிரித்துப் பார்த்தார்கள்? பன்னாட்டுத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த டி5231 என்ற தரமுறை ஒரு மாதிரிக்கு 91 முதல் 136 கிலோ வரை குப்பையைக் கையால் பிரித்து எடைபோடச் சொல்கிறது. இந்த வேலை ஒரு வாரமாவது நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை என்று கேளுங்கள். இதற்குக் கணிப்பொறி வேண்டாம். ஒரு தார்ப்பாய், ஒரு தராசு, கையுறை அணிந்த சில பணியாளர்கள், நேர்மையான ஒரு பதிவேடு போதும். கூச்சப்படாமல் நீங்களும் ஒரு நாள் போய் நில்லுங்கள். நான் பரிசீலித்த ஓர் அறிக்கையில் குப்பையின் கூறுகளைக் காட்டும் அட்டவணைக்கு அடியில் வேறோர் ஊரின் பெயர் அழிக்கப்படாமல் இருந்தது. அதற்கு முன் நான்கு மேசைகளைத் தாண்டி வந்த கோப்பு அது. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

எடைமேடைச் சீட்டுகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடங்களில் லாரியில் மண் ஏறும், இடிபாடு ஏறும், சில இடங்களில் தண்ணீரே ஊற்றுவார்கள். அந்தப் பொய்யான டன்களை மென்பொருளில் போட்டால் தேவைக்கு மேல் பெரிய ஆலை வந்து நிற்கும். காலி வண்டியின் எடை ஒவ்வொரு நடைக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நடைக்கும் ஒரே காலி எடை எழுதியிருந்தால் அந்தப் பதிவேட்டை மூடி வைத்துவிடலாம்.

அடுத்தது இடைத்தரகர்கள். திட்டம் எழுதிக் கொடுக்கும் நிறுவனமே ஆலை விற்பவரின் முகவராகவும் இருப்பது இந்தத் துறையில் அரிதல்ல. வெளியில் தெரியாமல் கமிஷன் போகும். நேரடியாகக் கேளுங்கள்: எந்த இயந்திர விற்பனையாளரோடும் எங்களுக்குப் பணத் தொடர்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா? தயங்கினால் அந்தத் தயக்கமே விடை. இதில் எனக்கு அதிகக் கோபம் வருவது தரகர்மீதுகூட அல்ல. ஒப்பந்தப்புள்ளி எழுதுகிற அலுவலகத்தின்மீதுதான். நவீன மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். ஊரின் குப்பையை அளந்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க மாட்டார்கள். அளப்பதற்குக் காலமும் தரமாட்டார்கள். நிதியாண்டு முடிவதற்குள் அறிக்கை வந்தாக வேண்டும் என்று விரட்டுகிறவர்களுக்கு மழைக்காலக் குப்பை எப்படிக் கிடைக்கும்?

அறிக்கையின் கடைசியில் மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கும். அதைத்தான் கூட்டத்தில் திரையில் காட்டுவார்கள். செலவு, நிலம், மாசு ஆகியவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சதவீதம் வைத்துக் கூட்டியிருப்பார்கள். பிரித்து உரமாக்கும் வழிக்குச் செலவில் 7, நிலத்தில் 4, மாசில் 8 என்றும், எரிஉலைக்கு 3, 9, 6 என்றும் வைத்துக்கொள்வோம். செலவுக்கு 30 சதவீதம், நிலத்துக்கு 50, மாசுக்கு 20 என்றால் உரவழிக்கு 5.7, எரிஉலைக்கு 6.6, எரிஉலை வென்றுவிட்டது. செலவுக்கு 50, நிலத்துக்கு 30 என்று இடம் மாற்றுங்கள். உரவழிக்கு 6.3, எரிஉலைக்கு 5.4. குப்பையில் ஒரு கிராம்கூட மாறவில்லை. வெற்றி மட்டும் மாறிவிட்டது. தாமஸ் சாட்டி 1970களில் வகுத்த, இரண்டிரண்டாக ஒப்பிட்டு முக்கியத்துவம் கணக்கிடும் முறையைப் பயன்படுத்தினோம் என்பார்கள். நல்ல முறைதான். ஆனால் ஒப்பிட்டது யார்? நிலமா பணமா என்று சொல்ல வேண்டியவர்கள் ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த நீங்கள். அந்தச் சதவீதங்களை மன்றம் முதலில் முடிவு செய்து எழுதிக்கொடுக்க வேண்டும். மதிப்பெண்களைப் பார்த்த பிறகு அல்ல.

ஒப்பந்தத்தில் உள்ள வரிகள் எந்த மென்பொருளிலும் தாமாக வந்து உட்காரா. தினமும் குறைந்தது இத்தனை டன் தருவோம், தராவிட்டாலும் பணம் கட்டுவோம் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நாளை உங்கள் மக்கள் குப்பையைக் குறைத்தாலும் தரம் பிரித்தாலும் நகராட்சிக்கு நஷ்டம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க், எரிஉலையால் ஏறிய கடன் சுமையில் 2011இல் திவால் மனு தாக்கல் செய்யும் நிலைக்கு வந்தது.

இலவச மென்பொருள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வார்மும் லேண்ட்ஜெமும் இலவசம், ஐ.பி.சி.சி.யின் கணக்கீட்டுத் தாளும் அப்படியே. ஆனால் வார்ம் அமெரிக்க நிலவரத்தை வைத்துப் பசுங்குடில் வாயுவை முதன்மையாகக் கணக்கிடுவது; உங்கள் ஊருக்கு ஆலை தேர்ந்தெடுக்க அது உருவாக்கப்படவில்லை. நீங்களே ஓட்டிப் பார்த்து இரவெல்லாம் குழம்புவதைவிட, ஆலோசகரையே மடிக்கணினியோடு மன்றத்துக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் கண்முன் ஈரத்தை 10 சதவீதம் கூட்டச் சொல்லுங்கள். பிறகு குப்பையின் அளவைக் கால்வாசி குறைக்கச் சொல்லுங்கள். பிறகு மீத்தேன் புவியைச் சூடாக்கும் வலுவை மாற்றச் சொல்லுங்கள், ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கைப்படி அது கரியமில வாயுவைப் போல 100 ஆண்டுக் கணக்கில் 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 84 மடங்கு. ஒவ்வொரு முறையும் எந்த வழி முதலிடத்தில் வருகிறது என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். எல்லா மாற்றத்திலும் ஒரே வழி முதலிடத்தில் நின்றால் மனநிறைவோடு மேலே போகலாம். தலைகீழாகப் புரண்டால், எந்த எண் புரட்டியதோ அதைத்தான் முதலில் அளக்க வேண்டும். எங்களிடம் பி.டி.எஃப். மட்டும்தான் இருக்கிறது, மாற்ற முடியாது என்று அவர் சொன்னால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குப்பையை அளக்காமல் மென்பொருளை நம்பாதீர்கள் என்பதே இதுவரை நான் சொன்னது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடனடியாக உங்களுக்குப் பயன்படக்கூடியது அது ஒன்றுதான். லாரிகள் எந்தத் தெருவில் எப்போது போக வேண்டும் என்று வகுக்கும் வழித்தட மென்பொருளுக்குக் குப்பையில் தாள் எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்று தெரிய வேண்டியதில்லை. தெருக்களின் நீளம், வீடுகளின் எண்ணிக்கை, வண்டி எத்தனை நடை ஓடுகிறது, கிடங்கு எவ்வளவு தூரம் என்பவை போதும். இவை உங்கள் சுகாதார மேற்பார்வையாளரின் குறிப்பேட்டிலேயே இருக்கும். சேகரிப்பும் போக்குவரத்தும்தான் பல நகராட்சிகளின் குப்பைச் செலவில் பெரும்பங்கு. தப்பாகப் போனாலும் அடுத்த வாரமே வழியை மாற்றிக்கொள்ளலாம், 20 ஆண்டுக்குக் கடன்படுவதில்லை. ஆனால் இந்த விலக்குக்குள்ளும் ஓர் எச்சரிக்கை: வண்டியின் கொள்ளளவைக் கன மீட்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஈரக் குப்பை கனமானது. பாதி நிறைந்ததுமே வண்டி எடை வரம்பைத் தொட்டுவிடும். காய்ந்த குப்பை லேசானது. எடை வருவதற்கு முன் வண்டி நிரம்பிவிடும். எனவே பத்து வண்டிகளையாவது நிறைத்து எடைபோட்டு, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கண்டுபிடியுங்கள். அதோடு, குறுகிய தெருக்களிலும் ஒருவழிப் பாதைகளிலும் வரைபடம் சொல்வதை நம்பாமல் ஓட்டுநர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கூட்டத்தில் இப்படித் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்: உள்ளீட்டு எண்கள் அனைத்தும், ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு மன்றத்தின் முன் வைக்கப்படும்வரை, இரண்டு பருவங்களில் குப்பை அளக்கப்பட்டு அந்த எண்களால் கணக்கு மீண்டும் ஓட்டப்படும்வரை, ஒப்புதல் ஒத்திவைக்கப்படுகிறது. வழித்தடச் சீரமைப்பை மட்டும் உடனே தொடங்கலாம். தாமதத்தால் மானியம் போய்விடும் என்று யாராவது மிரட்டினால், அப்படிச் சொல்லும் அரசாணையின் எண்ணையும் தேதியையும் கேட்டு நடவடிக்கைக் குறிப்பில் பதியவையுங்கள்.