சொக்கனும் இல்லை, சோகமும் இல்லை

கேள்வி: என் மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் மூன்று கம்போடியர்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் ‘சோக்’ என்று ஒரே சர்நேம். ஆனால் சொந்தக்காரர்கள் இல்லையாம். அது அங்கே பெரிய சாதியா? எங்கள் ஊர் சொக்கநாதர் பெயர்தான் சோழர் காலத்தில் கடல் தாண்டிப் போய்த் தேய்ந்துவிட்டது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மையா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் அந்த நெடிலைக் குறிலாக்கிவிடுவோம். ‘சோக்’ இல்லை, ‘சொக்’. நீட்டிச் சொன்னால் தமிழ்க் காதில் சோகம் விழுகிறது. பெயரின் பொருளோ அதற்கு நேர் எதிர். சொக் என்றால் சுகம். நோயில்லாமல், சண்டை சச்சரவில்லாமல், நிம்மதியாக இருப்பது. கடிதத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுகிறோமே, அந்த நலம்.

சமஸ்கிருதத்திலும் பாலியிலும் உள்ள ‘சுக’தான் கம்போடியாவின் கெமர் மொழியில் சொக் ஆயிற்று. கம்போடியர்கள் இன்றைக்கும் அதை ‘சுக’ என்றுதான் எழுதுகிறார்கள். வாசிக்கும்போது மாறுகிறது. கெமர் மெய்யெழுத்துகளில் இரண்டு வரிசை உண்டு. ஒரே உகரக் குறி முதல் வரிசை எழுத்தின் கீழே வந்தால் ஒகரமாக ஒலிக்கும், இரண்டாம் வரிசை எழுத்தின் கீழே வந்தால் உகரமாகவே ஒலிக்கும். ஸகரம் முதல் வரிசை. அதன் காலடியில் சின்னக் கோடாகத் தொங்கும் உகரம், வாயைத் திறந்ததும் ‘ஒ’ ஆகிவிடுகிறது. அடுத்து வரும் மூச்சுக் ககரம் (kh), சொல்லின் கடைசி என்பதால் அகரத்தையும் மூச்சையும் இழந்து, தொண்டையில் அடைத்து நின்றுவிடுகிறது. ஆகவே சொக்.

அந்த ஊரில் இருவர் சந்தித்தால் ‘சொக் சபாய் தே?’ என்று கேட்பார்கள். ‘சுகமா, சௌக்கியமா?’ என்று அர்த்தம். கடைசி ‘தே’ கேள்விக்கான ஒட்டு. அவர்களுடைய சுகாதார அமைச்சகத்தின் பெயரிலும் இதே சுகம் ‘சொகாபிபால்’ என்று உட்கார்ந்திருக்கிறது. நம்முடைய சுகாதாரத் துறையிலும் அதுதானே இருக்கிறது!

இனி சொக்கநாதர். ஐயா, தயவுசெய்து அவரை மதுரையிலேயே விட்டுவிடுவோம். சொக்கன் என்பது அழகன் என்ற பொருளில் நாம் கொஞ்சி அழைக்கும் பெயர். சொக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓசை ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று முடிவுகட்டும் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்தாயிற்று. கெமர் என்பதே குமரிதான் என்பார்கள், அங்கோர் வாட்டைக் கட்டியவர் தமிழர் என்பார்கள். கட்டியவர் 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன். கெமர் மொழி ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவுக்குள் அதற்கு உறவினர் வேண்டுமென்றால் மேகாலயாவின் காசி மொழியிடம் போக வேண்டும், ஜார்க்கண்டின் சந்தாலியிடமும் முண்டாரியிடமும் போக வேண்டும். கெமரில் தாத்தாவை ‘தா’ என்பார்கள். இது தெரிந்தால் வாட்ஸ்அப் குழு குதிக்கும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்: அதுவும் அந்த மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல்தான்.

பெருமைப்பட நிஜமான தொடர்புகள் இருக்கும்போது போலி எதற்கு? கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. தேதியோடு கிடைத்த மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு அங்கோர் பொரெய் என்ற ஊரில் கிடைத்தது, கி.பி. 611-ஐச் சேர்ந்தது. காஞ்சியில் மகேந்திரவர்மன் இருந்த காலம்! காம்போஜ, அதாவது கம்போடிய, அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்பு தேடியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. உங்கள் மகனின் நண்பர் தன் பெயரைக் கெமரில் எழுதும்போது அந்த ஸகரத்தின் மூதாதை பல்லவ எழுத்து. குழுவில் இதை எழுதச் சொல்லுங்கள்.

‘சாதியா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கெமர் மக்களிடம் பெயரை வைத்துச் சாதி பார்க்க வழியே கிடையாது. நீங்கள் போட்ட ‘சர்நேம்’ என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. கெமரில் அதற்கு ‘நியம் த்ரகோல்’ என்று பெயர், முதல் சொல் நம் ‘நாமம்’தான். அது முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். ஆனால் தலைமுறை தலைமுறையாக மாறாத குடும்பப் பெயர் என்ற ஏற்பாடு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில்தான் பதிவேடுகளுக்காக இறுகியது. அதற்கு முன்பும், அதற்குப் பின்பு வெகுகாலமும், தகப்பன் பெயரோ தாத்தா பெயரோ பிள்ளையின் பெயருக்கு முன்னால் நின்றது, நம் தலைப்பெழுத்தை விரித்து எழுதியது போல.

உலகம் அறிந்த உதாரணம், 1975 முதல் 1979 வரை கம்போடியாவைக் கொடுமையாக ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் தலைவர் ‘போல் போட்’. இயற்பெயர் சலொத் சார். ‘சார்’ என்றால் வெள்ளை. தகப்பனாரின் பெயர் பென் சலொத். தகப்பனின் சொந்தப் பெயர் மகனுக்கு முன்பெயர் ஆனது, ‘பென்’ கழன்றுவிட்டது. அண்ணனோ அதையே சுருக்கி லொத் சுவொங் என்று வழங்கப்பட்டார். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கே முன்பெயர் ஒன்றாக இல்லை! அரச குடும்பத்திலும் இதே கதை. 1860 முதல் 1904 வரை ஆண்ட மன்னர் நொரோதொம், அதாவது நரோத்தமன், தன் பட்டப்பெயரைத்தான் சந்ததிக்கு விட்டுப்போனார். நொரோதொம் சிஹானூக் அப்படி வந்தவர். பெயர் நிலைத்துவிட்ட வீடுகளும் உண்டு: ஹுன் நியாங், மகன் ஹுன் சென், பேரன் இன்றைய பிரதமர் ஹுன் மானெத்.

ஆக, மூன்று சொக்குகள் என்றால் ‘சுகம்’ என்று பெயர் வைக்கப்பட்ட மூன்று வெவ்வேறு முன்னோர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நோய்நொடி இல்லாமல் பிழைத்துக்கிடக்க வேண்டும் என்று நினைத்த வீடுகள் ஏராளம். அதனால்தான் சொக் அந்த நாட்டின் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. பரவலான இன்னொரு பெயரான ‘சியா’வும் நோய் தீர்ந்து நலமாவதைச் சொல்கிறது. ‘பிராக்’ வெள்ளி, ‘மியாஹ்’ தங்கம். கம்போடியச் சீனர்களின் ‘லிம்’ போன்றவைதான் பரம்பரைக் குலப்பெயர்கள்.

சொக் முன்னாலும் நிற்கும், பின்னாலும் நிற்கும். துணைப் பிரதமராக இருந்து 2017-இல் மறைந்த சொக் ஆன் அதை முன்பெயராகக் கொண்டவர். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கெம் சொகா அதன் நீட்சியைச் சொந்தப் பெயராகக் கொண்டவர். வெளிநாட்டுப் படிவங்களில் வரிசை தலைகீழாகும்போது சொந்தப் பெயரான சொக் சர்நேம் கட்டத்தில் போய் விழுகிறது. 1979-க்குப் பிறகு தாய்லாந்து எல்லை முகாம்கள் வழியாக அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் போனவர்களின் பெயர்களை லத்தீன் எழுத்தில் ஒருமுறை எழுதியதே நிரந்தரமானது. அதற்கு முந்தைய நாலு வருட கெமர் ரூஜ் ஆட்சியில் அவர்களில் பலர் உயிர் பிழைக்கவே பெயரை மறைத்து வாழ்ந்தவர்கள். எல்லோரையும் ‘மித்’ என்றே அழைக்க வேண்டியிருந்த காலம் அது. மித்திரன் என்பதிலிருந்து வந்த சொல்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. கெமரில் வெள்ளிக்கிழமையும் ‘சொக்’தான்! சுக்கிரன் அங்கே ‘சுக்ர’ என்று எழுதப்பட்டு, ரகரம் ஒலிக்காமல் சொக் ஆகிறது. பிறந்த கிழமையைப் பெயராக வைக்கும் வழக்கமும் உண்டு. கொரியாவிலும் லத்தீனில் இதே போல எழுதப்படும் வேறொரு பெயர் இருக்கிறது, அது கல்லைக் குறிக்கும் சீன எழுத்திலிருந்து வந்தது. லத்தீன் எழுத்தை மட்டும் வைத்துத் தலை எண்ணும் இணையப் பட்டியல்கள் சுகத்தையும் சுக்கிரனையும் கல்லையும் ஒரே கூடையில் போட்டுவிடும். அந்த எண்ணிக்கைகளை நம்பி வாதாட வேண்டாம்.

மகனிடம் சொல்லுங்கள்: அவர்களை ‘மிஸ்டர் சொக்’ என்று கூப்பிட வேண்டாம், மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் உள்ள சொந்தப் பெயரோடு, வயதில் மூத்தவர் என்றால் ‘போங்’ சேர்த்து அழைக்கட்டும். அண்ணன், அக்கா இரண்டுக்கும் அதே சொல். பழகிய பிறகு மூவரிடமும் ஒரு தாளைக் கொடுத்துப் பெயரைக் கெமரில் எழுதித் தரச் சொல்லட்டும். முடிவில் மூச்சுக் ககரம் ஒற்றையாக நின்றால் சுகம், ககரத்தோடு ரகரம் ஒட்டியிருந்தால் சுக்கிரன். மூன்று தாளிலும் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.