வேதியியலைப் புதிதாகப் படிப்பவருக்கு ‘அறிவியல் முறை’யை எப்படி விளக்குவீர்கள்?

தனிமம், சேர்மம், கலவை எல்லாம் மனப்பாடமாகத் தெரிகிறது, ஆனால் ‘உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு’ என்ற வரிசைதான் மனதில் ஒட்டவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஆர்கான் என்ற வாயு கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைப் படியுங்கள். வேதியியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

1892-இல் இங்கிலாந்தில் ரேலி பிரபு என்ற இயற்பியலாளர் வாயுக்களின் அடர்த்தியை மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தார். நைட்ரஜனை இரண்டு வழிகளில் தயாரித்தார். ஒன்று, காற்றைப் பழுக்கக் காய்ச்சிய செம்பின் மேல் செலுத்துவது. செம்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் நீக்கிவிட்டால் மிச்சம் நைட்ரஜன். இன்னொன்று, காற்றை முதலில் அம்மோனியாக் கரைசலில் குமிழவிட்டு, அப்புறம் அதே செம்புக் குழாய் வழியே அனுப்புவது. அம்மோனியாவில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிவிடும். இதிலும் மிச்சம் நைட்ரஜன்தான், ஆனால் அதில் ஒரு பகுதி அம்மோனியாவிலிருந்து வந்தது.

ஒரே தனிமம், ஒரே குடுவை, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். எடையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தது.

அளவுப் பிழை என்று சொல்லி இதைத் தள்ளிவிட்டிருக்கலாம். ரேலி அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்க வழி தேடினார். காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனை அம்மோனியாவில் செலுத்தினார். இப்போது நைட்ரஜன் முழுக்க அம்மோனியாவிலிருந்தே கிடைக்கும். வித்தியாசம் இருநூறில் ஒரு பங்காக வளர்ந்தது. குடுவையில் காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் சுமார் 2.310 கிராம், அம்மோனியாவிலிருந்து எடுத்தது 2.299 கிராம். கை தவறியதால் வந்த பிழை இப்படி மூலப்பொருளை மாற்ற மாற்ற ஒரே திசையில் வளராது. இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அசந்துபோகிறேன்.

சரி, காரணம் என்ன? லேசான நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் மிஞ்சியிருக்குமோ? வேண்டுமென்றே ஹைட்ரஜனைச் சேர்த்து, அதே சுத்திகரிப்பு வழியாக அனுப்பிப் பார்த்தார். அது முழுதாக நீங்கிவிட்டது, எடை மாறவில்லை. நைட்ரஜன் மூலக்கூறுகள் சில தனி அணுக்களாகப் பிரிந்திருக்குமோ? அப்படியென்றால் நாளடைவில் அவை மறுபடி சேர்ந்து வாயு கனமாக வேண்டும். வாயுவை எட்டு மாதம் வைத்திருந்து மறுபடி எடை போட்டார். மாற்றமில்லை. மற்ற நைட்ரஜன் சேர்மங்களிலிருந்து தயாரித்தும் பார்த்தார். எல்லாமே லேசாகவே இருந்தன. காற்றிலிருந்து வந்தது மட்டும்தான் கனம். அப்படியானால் காற்றில்தான் வேறு ஏதோ இருக்கிறது.

வில்லியம் ராம்சே என்ற வேதியியலாளர் இதை இன்னொரு வழியில் பிடித்தார். காற்று நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். மெக்னீசியம் நைட்ரஜனை விழுங்கிக்கொண்டே போக, கடைசியில் எதனோடும் சேராத ஒரு வாயு மிஞ்சியது. ஹைட்ரஜனை 1 என்று வைத்தால் நைட்ரஜனின் அடர்த்தி 14. இதற்குச் சுமார் 20. இதன் நிறமாலையில், அதாவது இது வெளியிடும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது, அதுவரை யாரும் அறியாத கோடுகள் தெரிந்தன. 1894 ஆகஸ்டில் இருவரும் இந்தப் புதிய வாயுவைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான். நாம் சுவாசிக்கும் காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு ஆர்கான்.

இதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, 1785-இல், ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனை நீக்கியபோது எதனோடும் சேராத ஒரு சிறு குமிழி மிஞ்சியது என்று எழுதிவைத்திருந்தார்.

இப்போது உங்கள் மனப்பாட வரையறைகளுக்கு வாருங்கள். காற்று ஒரு கலவை. அதனால்தான் அதற்குள் ஒரு தனிமம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க முடிந்தது. அம்மோனியா ஒரு சேர்மம். ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன் என்ற கணக்கு மாறாது, அதில் ஆர்கானுக்கு இடமே இல்லை. அந்த 11 மில்லிகிராம்தான் கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடு. ஊகங்கள் ஒவ்வொன்றும் ‘இது உண்மையானால் எடை இப்படி மாற வேண்டும்’ என்று தராசில் ஏற்றப்பட்டு விழுந்ததையும் கவனியுங்கள். கருதுகோளைச் சோதிப்பது என்பது இதுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், தீ அணைந்து நீர் உள்ளே ஏறும். ‘எரிந்த ஆக்சிஜனின் இடத்தை நீர் நிரப்புகிறது’ என்று பலர் விளக்குவார்கள். அது சரியென்றால், ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்தாலும் நீர் ஏறக்குறைய அதே உயரம்தான் ஏற வேண்டும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதேதானே. தீயின் சூட்டில் விரிந்த காற்று பிறகு குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியக் காரணம் என்றால், மூன்று வைக்கும்போது நீர் இன்னும் மேலே ஏற வேண்டும். ஒரே டம்ளரில் இரண்டையும் செய்து, நீர்மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொண்டு, என்ன வந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அங்கிருந்து அடுத்த சோதனையைப் பேசலாம்.