டர்பனில் வெளிநாட்டு லைசென்ஸோடு வண்டி ஓட்டலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

பல வருஷமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஊரிலிருந்து உறவினர் வரும் காலத்தில் ஒரே மாதிரிக் கேள்விகள் வரிசையாக வருகின்றன. இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகள் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறாள். சென்னையிலிருந்து ஒன்றரை மாதத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு லைசென்ஸ் போதுமா, இன்டர்நேஷனல் பெர்மிட் வேண்டுமா?

சட்டப்படி உங்கள் லைசென்ஸே போதும் சார். தென்னாப்பிரிக்கா கேட்பது இவ்வளவுதான்: லைசென்ஸ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது, இந்த நாட்டு ஆட்சி மொழி ஒன்றில் இருக்க வேண்டும், உங்கள் படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஆங்கிலம் இங்கே ஆட்சி மொழி, அதனால் மொழிபெயர்ப்பு வேலை உங்களுக்கு இல்லை.

ஆனாலும் ஆர்டிஓவில் இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். கட்டணம் ஆயிரம் ரூபாய், ஒரு வருஷம் செல்லும். ரோட்டில் நிறுத்தும் அதிகாரி உங்கள் கார்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் தாளைப் புரட்டுவது வேறு விஷயம், அங்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் பணம் நின்றுவிடும். நான் காகிதத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது அந்த நாளுக்காகத்தான்.

ஒன்று மறக்காதீர்கள்: பெர்மிட் மட்டும் கையில் இருந்தால் அதற்கு மதிப்பே கிடையாது. ஒரிஜினல் லைசென்ஸ் கூடவே இருக்க வேண்டும்.

கேள்வி: லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருக்கிறது. போனில் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா?

இந்தியாவில் செல்லும், இங்கே செல்லாது. கார்டைக் கையோடு வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், பாஸ்போர்ட்டும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: என் பெரியப்பா மகன் ரீயூனியன் தீவிலிருந்து வருகிறார். அவர் லைசென்ஸ் பிரெஞ்சில் இருக்கிறதே?

அங்கேதான் சிக்கல் அம்மா. பிரெஞ்சு இங்கே ஆட்சி மொழி இல்லை. கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். வந்து இறங்கிய பிறகு ஓடுவது வீண் அலைச்சல்.

இன்னொன்று, ரீயூனியனில் வலது பக்கம் ஓட்டுகிறார்கள், இங்கே இடது பக்கம். முதல் நாள் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து நேரே என்2 நெடுஞ்சாலையில் ஏற விடாதீர்கள். நீங்கள் போய் அழைத்து வாருங்கள். மறுநாள் காலை வீட்டுத் தெருவில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவையுங்கள். வலது பக்கப் பழக்கம் உள்ளவர்கள் நேர்ச் சாலையில் தடுமாறுவதில்லை. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து திரும்பும்போதுதான் கை பழைய பக்கம் போய்விடுகிறது.

கேள்வி: வேலை விசாவில் இருக்கிறேன் அண்ணே. எப்போது இந்த நாட்டு லைசென்ஸுக்கு மாற்ற வேண்டும்?

தற்காலிக விசாவில் இருக்கும் வரை, ஊர் லைசென்ஸ் உயிரோடு இருந்தால் அதிலேயே ஓட்டலாம். நிரந்தர வசிப்புரிமை கிடைத்த நாளிலிருந்து கெடு ஓட ஆரம்பிக்கும். கடைசி நாள் எது என்று எண்ணிக்கொண்டிருக்காமல் அந்த மாதமே லைசென்ஸ் டெஸ்டிங் சென்டருக்குப் போய்விடுங்கள். லைசென்ஸ் உண்மையானது என்று தூதரகக் கடிதம் கேட்டால் டர்பனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இன்டர்நேஷனல் பெர்மிட்டைக் கொடுத்து மாற்ற முடியாது, மூல லைசென்ஸைத்தான் மாற்ற முடியும்.

ஊர் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள் தம்பி. இப்போதைய இந்திய விதிப்படி முப்பது வயதுக்குள் வாங்கியது நாற்பது வயது வரைதான் செல்லும், பழைய லைசென்ஸுக்குக் கார்டில் உள்ள தேதிதான் கணக்கு. அந்தத் தேதி தாண்டியது தெரியாமலே டர்பனில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காலாவதியான லைசென்ஸை மாற்றித் தர மாட்டார்கள். அப்புறம் லேர்னர்ஸிலிருந்து தொடங்கி கே53 என்ற இந்த நாட்டு ஓட்டுநர் தேர்வைச் சந்திக்க வேண்டியதுதான். இருபது வருஷம் சென்னையில் ஓட்டியவரும் அந்தத் தேர்வில் தோற்கிறார். வண்டி ஓட்டத் தெரியாததால் இல்லை. ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் கண்ணாடி பார்த்து, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருண்டால் அன்றைய தேர்வு அங்கேயே முடிந்தது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு 17 வயது, அங்கே லைசென்ஸ் வாங்கிவிட்டான். இங்கே ஓட்டலாமா?

கூடாது. இங்கே கார் ஓட்ட 18 ஆக வேண்டும்.

கேள்வி: விசா காலத்தில் பகுதி நேரமாக ஆப் டாக்ஸி ஓட்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

வேண்டாம் தம்பி. காசுக்கு ஆள் ஏற்ற பிஆர்டிபி என்ற தனி அனுமதி வேண்டும். அதற்கு 21 வயது, மருத்துவச் சான்று, குற்றப் பதிவுச் சோதனை எல்லாம் உண்டு. விசாவில் அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பயணியோடு விபத்து நடந்தால் உங்கள் பின்னால் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: வாடகைக் கார் எடுக்கும்போது இன்சூரன்ஸைக் குறைத்துக் கொள்ளலாமா? இந்த நாட்டில் பெட்ரோல் விலையிலேயே இன்சூரன்ஸ் இருக்கிறது என்கிறார்களே?

இந்தப் பேச்சால் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். பெட்ரோல் விலையில் ஒரு பங்கு ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டுக்குப் போவது உண்மை. ஆனால் அந்த நிதி பார்ப்பது அடுத்தவர் தவறால் மனிதருக்கு ஏற்பட்ட காயத்தையும் உயிரிழப்பையும்தான். நசுங்கிய பம்பருக்கு அதிலிருந்து ஒரு ரேண்ட் வராது. உங்கள் வண்டிக்கும் வராது, நீங்கள் இடித்த வண்டிக்கும் வராது. வேறு எந்த மோட்டார் இன்சூரன்ஸும் இங்கே கட்டாயமில்லை என்பதால் உங்களை இடிப்பவரிடமும் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

அதனால் வாடகை கவுண்டரில் நின்று மூன்று விஷயம் கேளுங்கள். விபத்தானால் என் கையிலிருந்து எவ்வளவு போகும்? டயர், முன் கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேர்ந்திருக்கிறதா? மண் ரோட்டில் போனால் காப்பு நிற்குமா? பதிலை ஒப்பந்தத் தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மருமகனும் ஓட்டுவார் என்றால் அவர் பெயரையும் அப்போதே எழுதிவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். லெசோத்தோவுக்கோ எஸ்வாட்டினிக்கோ போவதானால் கம்பெனியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் எல்லைக்குப் போகாதீர்கள்.

மருத்துவச் செலவுக்குப் பயண இன்சூரன்ஸ் தனியாக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: நம் ஊரில் ஓட்டியவருக்கு இங்கே எது புதிதாக இருக்கும்?

ஹாரன் அடிக்காமல் ஓட்டுவது. அடுத்தது நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பு. சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், ஊர்ந்தால் நின்றதாகக் கணக்கில்லை. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். வரும்போதே மற்ற மூன்று பக்கத்தையும் பார்த்து, எனக்கு முன்னால் யார் யார் என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். மின்வெட்டில் ரோபோ (டிராபிக் சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) அணைந்துவிட்டால் அந்தச் சந்திப்பும் இதே முறைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ஒருவர் அவசரப்பட்டாலும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

பக்கத்துக்கு ஒரே லேன் உள்ள சாலையில் பின்னால் வேகமாக ஒரு வண்டி வந்தால், முன்னால் போகிறவர் இடது மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரம் கொடுப்பார். முந்திப் போனவர் ஹசார்ட் விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார். அருமையான பழக்கம். ஆனால் பகலில், 150 மீட்டர் தெளிவாகத் தெரியும்போது மட்டும்தான் அப்படி ஒதுங்கலாம். அந்த ஓரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். யார் விளக்கடித்து அவசரப்படுத்தினாலும், தெரியாத வளைவில் ஒதுங்காதீர்கள்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் வரை நாமே ஓட்டிப் போகலாமா?

தாராளமாக. என்3 நல்ல சாலை, வேக வரம்பு 120. மேரியன்ஹில் தொடங்கி டோல் கேட்டுகள் வரும், வெளிநாட்டு கார்டை நம்பாமல் ரேண்ட் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேன் ரீனென் கணவாயில் மூடுபனியும் கனரக லாரிகளும் சேர்ந்து வரும், அதைப் பகல் வெளிச்சத்தில் கடப்பது போலக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம், மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே வேண்டாம்.

கேள்வி: வழியில் நிறுத்தி, அபராதத்தைக் கையில் கொடு என்றால்?

கொடுக்காதீர்கள். மரியாதையாக, "எழுதிக் கொடுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். ஆளில்லாத இடத்தில் போலீஸ் அடையாளம் இல்லாத வண்டி நிறுத்தச் சொன்னால் ஹசார்ட் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, பக்கத்துப் போலீஸ் நிலையம் வரை மெதுவாகப் போய் நிறுத்துங்கள்.

கேள்வி: இடித்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

நிறுத்துங்கள். காயம் இருந்தால் செல்போனில் 112 அடியுங்கள், ஆம்புலன்ஸ் நேரடி எண் 10177. வண்டிகள் நின்ற நிலையையும் நம்பர் பிளேட்டையும் படம் எடுங்கள், எதிராளியின் லைசென்ஸையும் சேர்த்து. பார்த்தவர்களின் போன் நம்பரை அவர்கள் கலைந்து போவதற்கு முன் வாங்கிவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் பதிவு செய்து, கேஸ் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வாடகைக் கம்பெனி முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.