போன் கேமராவில் பம்ப் மாட்டும் விளையாட்டு

கேள்வி: கோவையில் போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப் தயாரிக்கிறோம். கொடிசியா கண்காட்சியில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஸ்டால். போன முறை ஏஆர் கேம், அதாவது போன் கேமராக் காட்சியில் பம்ப் நிஜமாக நிற்பதுபோலக் காட்டும் விளையாட்டு, வைத்தோம். ஆப்பை இறக்கச் சொன்னதும் பலர் நகர்ந்துவிட்டார்கள். இறக்கியவர்களின் போனிலும் பம்ப் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. எங்கே தவறு?

பதில்: ஆப்தான் முதல் தவறு. அரங்கம் நிறைந்த கூட்டம் ஒரே டவரை நம்பியிருக்கும் நேரத்தில் பெரிய ஆப் இறங்காது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் பிரவுசரிலேயே திறக்கும் வெப் ஏஆர் போதும். படம், ஒலி, பம்பின் முப்பரிமாண மாடல் எல்லாம் சேர்ந்து 5 எம்பிக்குள் அடங்கட்டும்; ஸ்டாலுக்குத் தனி வைஃபையும் வேண்டும். முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்காவிட்டால் பிரவுசர் கேமராவைத் தராது. பிரவுசரில் தரையைக் கண்டறிந்து ஏஆர் காட்ட உதவும் வெப்எக்ஸ்ஆர் வசதி ஐபோன் சஃபாரியில் இயங்காது. அதனால் தரையைத் தேடும் வகை வேண்டாம். அச்சிட்ட படத்தை அடையாளம் காணும் வகையைச் செய்யச் சொல்லுங்கள். மைண்ட்ஏஆர் என்ற இலவச லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) இதற்கென்றே இருக்கிறது.

பம்ப் நிற்காமல் ஆடியதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த அச்சுப் படம்தான். வெறும் லோகோவிலும் ஒரே நிறப் பரப்பிலும் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) படம் பார்க்க அழகு, ஆனால் ஒரே மாதிரி இதழ்கள் சுற்றி வருவதால் எது மேல், எது கீழ் என்று மென்பொருள் குழம்பும். பம்பின் குறுக்குவெட்டுப் படத்தை ஏ3 அளவில், பளபளப்பில்லாத மேட் லேமினேஷனில் அச்சிடுங்கள். பளபளப்புத் தாளில் ஸ்பாட் லைட் விழுந்தால் பாதிப் படம் வெள்ளையாகிவிடும். பலகையை மேசை உயரத்தில் சாய்த்து வையுங்கள். போனைத் தூக்கிப் பிடித்த கை சீக்கிரம் வலிக்கும். ஆகவே ஆட்டம் 40 விநாடிக்குள் முடியவேண்டும்.

எதை விளையாடுவது? கீழே மோட்டார், அதற்கு மேல் தண்ணீர் இழுக்கும் சல்லடை, பிறகு இம்பெல்லரும் அது தள்ளும் தண்ணீரை மேலே திருப்பிவிடும் டிஃப்யூசரும் மாறி மாறி, உச்சியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்ஆர்வி வால்வு. இந்த வரிசையில் மாட்டினால் தண்ணீர் ஏறட்டும், தப்பினால் ஏறக்கூடாது. பரிசு தருமுன், எதற்கென்று சொல்லி ஒப்புதலோடு பெயரும் எண்ணும் வாங்குங்கள். கூடவே, “போர் எத்தனை அடி, எத்தனை இஞ்ச்?” என்று கேளுங்கள். ஆயிரம் வெறும் எண்களைவிட இந்தப் பதில் உள்ள ஐம்பது எண்கள் உங்கள் விற்பனையாளருக்கு உதவும்.

கேள்வி: கூட்டம் நடைபாதையை அடைத்தால்?

பதில்: பலகையை முகப்பில் வைக்காமல் உள்பக்கச் சுவரோரம் வையுங்கள், வரிசை ஸ்டாலுக்குள்ளேயே நிற்கும். விளையாட ஸ்டாலிலேயே டேப்லெட் கொடுப்பதானால், இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கேமரா தொடர்ந்து ஓடினால் சூடேறி வேகம் குறையும்.