1869 சார்ட்டில் எந்தத் தேதியை எழுதுவது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு 'காந்தி பிறந்த 1869இல் உலகம்' என்று ஒரு சார்ட் வைக்க வேண்டும். மெண்டெலீவின் தனிம அட்டவணைக்குத் தேதி தேடினால் பிப்ரவரி 17, மார்ச் 1, மார்ச் 6, மார்ச் 18 என்று நான்கு வருகிறது. பள்ளிக்கு எதிரே உள்ள ப்ராஜெக்ட் கடையில் முன்பணம் கொடுத்துவிட்டோம். அவர்கள் அனுப்பிய மாதிரியின் படத்தையும் இணைத்திருக்கிறேன். எதை எழுதினால் மார்க் குறையாது? – திருச்சியிலிருந்து ஒரு வாசகி.

முதலில் பயத்தை விடுங்கள், நான்கு தேதியுமே சரிதான். நடந்தவை இரண்டு, அந்த இரண்டுக்கும் இரண்டு நாட்காட்டிகள், அவ்வளவுதான் விஷயம். அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தது. லண்டனும் பாரிசும் நம் ஊரை ஆண்ட பிரிட்டிஷ் அலுவலகங்களும் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியை வைத்திருந்தன. 1869இல் ரஷ்யத் தேதி நம் தேதிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை மெண்டெலீவ் சீஸ் தயாரிக்கும் கூடங்களைப் பார்வையிடப் புறப்பட வேண்டியவர். அது சம்பந்தமாக வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே தனிமங்களின் அணு எடைகளைக் கிறுக்கிப் பார்த்து, அதை வளர்த்து அட்டவணையாக்கினார். அந்த நாள் ரஷ்யாவில் பிப்ரவரி 17, நமக்கு மார்ச் 1. அப்புறம் ரஷ்ய வேதியியல் சங்கக் கூட்டத்தில் அவர் சார்பில் சக வேதியியலாளர் மென்ஷுட்கின் அதைப் படித்தார்; அது ரஷ்யாவில் மார்ச் 6, நமக்கு மார்ச் 18.

சார்ட்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'மார்ச் 1, மெண்டெலீவ் அட்டவணையை உருவாக்கினார் (ரஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 17)'. இடம் இருந்தால் மார்ச் 18ஐயும் சேர்க்கலாம். செய்யக்கூடாதது ஒன்றுதான்: காந்தியின் அக்டோபர் 2 இருக்கும் அதே வரிசையில் 'மார்ச் 6' என்று மொட்டையாக எழுதுவது. பட்டியல் புத்தகங்களில் பாதி அதைத்தான் செய்கின்றன.

இப்போது அந்தக் கடைக்காரர் அனுப்பிய மாதிரிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியை விட எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. லெனினின் மனைவி குருப்ஸ்கயா பிறந்த நாள் பிப்ரவரி 27 என்று போட்டிருக்கிறார்கள். சரியான தேதி பிப்ரவரி 26. யாரோ ரஷ்யத் தேதியான பிப்ரவரி 14ஐ எடுத்து 13ஐக் கூட்டியிருக்கிறார்கள். இந்தத் தவறு எங்கே பார்த்தாலும் இருக்கிறது. ரஷ்யப் புரட்சி பற்றிப் படித்தவர்களுக்கு '13 நாள் வித்தியாசம்' என்று மனப்பாடமாகி இருக்கும். அது 1900க்குப் பிறகுதான். ஜூலியன் முறையில் நான்கால் வகுபடும் எல்லா ஆண்டும் லீப் ஆண்டு. கிரிகோரியன் முறையில் 1700, 1800, 1900 லீப் ஆண்டு கிடையாது. ஒவ்வொரு முறையும் இடைவெளி ஒரு நாள் கூடும். அதனால் 1800 மார்ச்சிலிருந்து 1900 பிப்ரவரி வரை 12 நாள், அதற்குப் பின்தான் 13. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு 12, இதை மட்டும் உங்கள் மகளின் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், காரணம் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

சந்தேகம் வந்தால் கிழமையைப் பாருங்கள். நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. மெண்டெலீவ் உட்கார்ந்து எழுதியது திங்கட்கிழமை. கம்ப்யூட்டரில் 1869 பிப்ரவரி 17 என்று போட்டால் புதன் என்று வரும், மார்ச் 1 என்று போட்டால் திங்கள் வரும். போதும், எது நம் நாட்காட்டித் தேதி என்று தெரிந்துவிட்டது.

உங்கள் சார்ட்டில் உள்ள ஐரோப்பியர்களில் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்களை மட்டும் இப்படிச் சரிபார்த்தால் போதும். மாதிரியில் அரசே வேண்டாம் என்ற அரசின்மைவாதி எம்மா கோல்ட்மன் ஜூன் 27 என்று இருக்கிறது, அது சரி. ரஷ்யத் தேதி ஜூன் 15. ஓவியர் மத்தீஸ் (டிசம்பர் 31), எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் (நவம்பர் 22), பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் (மார்ச் 18) ஆகியோருக்குக் குழப்பமே இல்லை.

ஆனால் ஜப்பான் அப்படி இல்லை, அதை நிதானமாகச் சொல்ல வேண்டும். மாதிரியில் 'மே 18, ஹக்கோடாட்டே போர் முடிந்தது' என்று இருக்கிறது. ஷோகுன் என்ற பழைய ராணுவ ஆட்சியாளரின் எஞ்சியிருந்த ஆதரவாளர்கள் வடக்கே கொர்யோகாகு கோட்டையில் மெய்ஜி பேரரசரின் புதிய அரசின் படையிடம் சரணடைந்த நாள் அது. ஜப்பானியக் குறிப்புகளில் மெய்ஜி 2ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம், 18ஆம் நாள் என்று இருக்கும். ஐந்தாம் மாதம் என்றால் மே என்று நினைத்துவிட்டார்கள். அது மே அல்ல. ஜப்பான் அப்போது சந்திர மாதங்களை வைத்துக் கணக்கிட்டது, தேவைப்பட்டபோது அதிக மாதமும் சேர்த்தது. 1873 ஜனவரி 1 முதல்தான் நம் நாட்காட்டிக்கு வந்தது. அந்தச் சரணடைவு நம் கணக்கில் ஜூன் 27. வித்தியாசம் நாற்பது நாள், ஆனால் எல்லா ஜப்பானியத் தேதிக்கும் நாற்பதைக் கூட்டக் கூடாது. தீபாவளி ஒவ்வொரு வருடமும் ஆங்கிலத் தேதியில் முன்னும் பின்னும் நகர்கிறது அல்லவா, அதே போல இதுவும் வருடத்துக்கு வருடம் நகரும். ரஷ்யாவுக்கு ஒரே எண் போதும், ஜப்பானுக்கு ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஆக, எம்மா கோல்ட்மன் பிறந்த அதே நாளில் ஜப்பானில் அந்தக் கோட்டை விழுந்திருக்கிறது. மெண்டெலீவின் அட்டவணை சங்கத்தில் படிக்கப்பட்ட அதே நாளில் சேம்பர்லின் பிறந்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டிக்குக் கொண்டுவந்தால்தான் இவை கண்ணில் படும். 'ஒரே ஆண்டில் உலகம்' என்று தலைப்பு வைப்பதற்கு அர்த்தமே இதுதான்.

இந்த ப்ராஜெக்ட் கடைகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். பிள்ளை செய்ய வேண்டிய வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், அதையும் தவறாகச் செய்கிறார்கள். ஒரே கோப்பை வருடா வருடம் பெயர் மாற்றி விற்பார்கள். ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் வந்த பிழை இன்னொன்றில் ஏறி, அங்கிருந்து கோச்சிங் சென்டர் மெட்டீரியலுக்குப் போய், கடைசியில் இவர்கள் சார்ட்டில் தங்க எழுத்தில் நிற்கும். உங்கள் மாதிரியிலேயே 'நவம்பர் 17, சூயஸ் கால்வாய் திறப்பு, விழாவில் ஐடா ஓபரா அரங்கேற்றம்' என்று இருக்கிறது. கால்வாய் திறந்த தேதி சரி. இசையமைப்பாளர் வெர்டியின் ஐடா அரங்கேறியது 1871 டிசம்பர் 24, கெய்ரோவில். 1869 நவம்பர் 1 அன்று அந்த ஓபரா மாளிகை திறந்தபோது நடந்தது வெர்டியின் இன்னொரு ஓபரா, ரிகொலெத்தோ. அதே போல அமெரிக்காவின் கண்டம் தாண்டிய ரயில்பாதை 'பிராமன்டரி பாயின்ட்டில்' இணைந்தது என்கிறார்கள்; அது யூட்டாவின் பிராமன்டரி சம்மிட். பாயின்ட் அங்கிருந்து வெகு தூரம் தெற்கே ஏரிக்குள் நீளும் முனை, அதன் பக்கமே அந்தப் பாதை போகவில்லை.

அந்த ரயில்பாதைத் தேதி இன்னும் சுவாரசியம். மே 10 என்று போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் விழாவுக்காகச் செய்த தங்க ஆணியிலேயே மே 8 என்றுதான் பொறித்திருக்கிறது, அது இன்றும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விழா மே 8 அன்று நடப்பதாக இருந்தது. யூனியன் பசிஃபிக் ரயில் நிறுவனத்தின் துணைத் தலைவர் தாமஸ் டுரன்ட் வந்த ரயிலைச் சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் வழியில் மறித்துவிட்டார்கள், மழையும் சேர்ந்துகொண்டது, இரண்டு நாள் தள்ளிப்போனது. ஆணியை முன்கூட்டியே பொறித்தாகிவிட்டது. யாராவது அந்த ஆணியின் படத்தைக் காட்டி 'மே 8' என்று வாதாடினால் மகள் இதைச் சொல்லட்டும்.

தேதியை எழுதும்போது எதனுடைய தேதி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஃபிரீட்ரிக் மீஷர் 1869இல் டியூபிங்கனில், காயக்கட்டுத் துணியில் இருந்த சீழின் செல்களிலிருந்து நியூக்ளின் என்ற பொருளைப் பிரித்தார். இன்று டிஎன்ஏ என்கிறோமே, அதன் தொடக்கம் அது. கட்டுரை வெளியானது 1871. இரண்டு ஆண்டையும் இரண்டு புத்தகங்களில் பார்ப்பீர்கள், இரண்டும் சரி, முதலாவது கண்டுபிடித்தது, இரண்டாவது அச்சானது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் நம் பள்ளிகளில் தெர்மாகோலுக்கும் மினுமினுப்புக்கும் மார்க் இருக்கிறது, தேதியைச் சரிபார்த்ததற்கு இல்லை. தேர்வில் 'எந்தத் தேதி' என்று ஒரு மார்க் கேள்வி, விடைக்குறிப்பில் ஒரே ஒரு எண், அதைத் தயாரித்தவர் எந்த நாட்காட்டியைப் பார்த்தார் என்று கேட்க ஆளே கிடையாது. இப்படியே போனால் பிள்ளைகளுக்கு வரலாறு என்றால் எண்களை விழுங்குவது என்றுதான் தோன்றும், கோபம் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று, தேதி இல்லாத காரணத்தாலேயே பட்டியல்களில் இடம் கிடைக்காமல் போனவை உண்டு. 1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி போல ஒரு பூஞ்சை தென்பட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லி அதை அடையாளம் கண்டு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டு எழுதினார். அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் நிறைய ஆள் வேண்டும், தமிழகத்திலிருந்து போனவர்களில் பலர் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும், குடும்பத்தோடு தங்க வேண்டும். மலையகத் தமிழர் வாழ்க்கையைத் திருப்பிய பூஞ்சை இது, எந்த ரெடிமேட் சார்ட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை. தேதிக் கட்டத்தில் '1869' என்று மட்டும் போட்டு இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே சூயஸையும், கால்வாய் திறந்து ஐந்தாம் நாள், நவம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் நீரில் இறக்கப்பட்ட கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பலையும் வைக்கலாம். சீனத் தேயிலையை வேகமாகக் கொண்டுவரக் கட்டிய கப்பல் அது. கால்வாய் வழி பாய்மரத்துக்கு ஒத்துவராது, நீராவிக் கப்பலுக்குத்தான் ஏற்றது. அதனால் சில ஆண்டுகளிலேயே தேயிலை ஏற்றும் வேலை அதன் கையை விட்டுப் போனது.

மார்க் விஷயம். சார்ட்டின் கீழ் மூலையில் 'எல்லாத் தேதிகளும் கிரிகோரியன் நாட்காட்டிப்படி' என்று ஒரு வரி இருக்கட்டும். நடுவர் மார்ச் 6 அல்லவா என்று கேட்டால் மகள் அந்த வரியைக் காட்டி, 6உடன் 12ஐக் கூட்டிச் சொல்லட்டும். அவ்வளவு சொன்ன பிள்ளைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், குறைத்தால் வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.

கடைக்குக் கொடுத்த முன்பணத்தை உடனே திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால், இங்கே சொன்ன நான்கு திருத்தங்களையும் (குருப்ஸ்கயா, ஹக்கோடாட்டே, ஐடா, பிராமன்டரி) எழுதிக் கொடுத்து, திருத்திய மாதிரியைப் பார்த்த பிறகுதான் லேமினேஷனுக்குச் சரி சொல்லுங்கள். லேமினேஷன் போட்டுவிட்டால் பிழையைக் காட்டினாலும் புது சார்ட்டுக்குத் தனிக் காசு கேட்பார்கள், மீதிப் பணத்தையும் அதற்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள்.