அடைகாக்கும் ராணி

அன்புள்ள ஐயா,

லண்டனில் வசிக்கிறேன். போன வாரம், மார்ச் குளிரில், பள்ளி வாசலில் பெரிய தேனீ ஒன்று பறக்க முடியாமல் கிடந்தது. உடம்பெல்லாம் ரோமம், மஞ்சள் பட்டைகள், வால் நுனி மட்டும் மங்கிய சந்தன நிறம். "பம்பிள்பீ" என்றான் என் எட்டு வயது மகன். கரண்டியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தான். குடித்துவிட்டுப் பறந்துபோனது. "அறிவியல் கணக்குப்படி இதனால் பறக்கவே முடியாது, அது இதற்குத் தெரியாததால் பறக்கிறது. நீயும் அப்படி இரு" என்றேன். இதற்குத் தமிழில் என்ன பெயர்? கொட்டுமா? இதை வைத்துச் சிறுவர்களுக்கு ஒரு கதை எழுத ஆசை.

கே.

அன்புள்ள கே.,

கொட்டும், பிடித்து நசுக்கினால். பெயரை அப்புறம் பார்ப்போம். கரண்டி வைத்த பிள்ளைக்கு என் முத்தம். அவனுக்கு நீங்கள் சொன்ன கதைக்குத்தான் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

எந்த அறிவியல்? 1934இல் மாஞான் என்ற பிரெஞ்சுக்காரர், விமானத்துக்குப் போடும் கணக்கைப் பூச்சிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பறக்க முடியாது என்று எழுதினார். தப்பு கணக்கில். விமானத்தின் இறக்கை அசையாது. இதன் இறக்கை நொடிக்கு 100 தடவைக்கு மேல் முன்னும் பின்னும் வீசுகிறது, ஒவ்வொரு வீச்சிலும் புரள்கிறது, விளிம்பில் எழும் காற்றுச் சுழல் உடம்பைத் தூக்குகிறது. இதெல்லாம் எப்போதோ தெரிந்துவிட்டது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள். ஒரு பூச்சியைப் பார்த்ததும் அதைப் பிழிந்து நமக்கு ஒரு பாடம் எடுத்துவிட வேண்டும், இல்லையா? அது யார், எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடத் தோன்றுவதில்லை.

மார்ச்சில் அவ்வளவு பெரிதாக இருந்தால் அது ராணிதான். போன வருடமே ஆணோடு கூடிவிட்டு, மண்ணுக்குள் மாதக்கணக்கில் தனியாகத் தூங்கி எழுந்தவள். தாயும் வேலைக்காரச் சகோதரிகளும் குளிருக்கு முன்பே செத்திருப்பார்கள். இனி எலி விட்டுப்போன வளை ஒன்றைத் தேட வேண்டும். அதில் மெழுகால் சின்னப் பானை செய்து தேன் நிரப்புவாள். மகரந்த உருண்டையில் முட்டையிடுவாள். அப்புறம் அதன்மேல் உட்கார்ந்து அடைகாப்பாள். ஆமாம், கோழி மாதிரி.

எங்கள் அம்மாயி திண்ணை மூலையில், கூடையில் வைக்கோல் பரப்பிக் கோழியை அடை வைப்பாள். 21 நாள். அது நாளுக்கு ஒருதரம் இறங்கி, அவசரமாக நாலு கொத்துக் கொத்திவிட்டு ஓடி வரும். அம்மாயி சோளம் போட்ட கொட்டாங்குச்சியைக் கூடைக்குப் பக்கத்திலேயே நகர்த்தி வைப்பாள். "எந்திரிச்சா சூடு போயிருமில்ல கண்ணு?" முட்டையைத் தொடப்போய் அவளிடம் நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

ராணிக்கு அம்மாயி கிடையாது. அதனால் தேன்பானையைத் தன் நாக்குக்கு எட்டுகிற தூரத்தில், முகத்துக்கு நேரே, தானே கட்டிக்கொள்கிறாள். எழுந்திருக்காமலே குடிக்கலாம். இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கி, வெளியே குளிர் எப்படியிருந்தாலும் முட்டைகளைச் சுமார் 30 டிகிரியில் வைத்திருக்கிறாள். பானை காலியானால் வெளியே போயே ஆகவேண்டும். போன நேரத்தில் முட்டை ஆறும். பூ கிடைக்காத நாளில் எங்காவது விழுந்து கிடப்பாள். உங்கள் மகன் பார்த்ததும் அப்படி ஒருத்தியாக இருக்கலாம்.

நாலைந்து வாரத்தில் முதல் வேலைக்காரிகள் வெளிவந்துவிட்டால் அவள் வளையோடு சரி. கூடு சில நூறு பேராகப் பெருகும். கடைசியில் புது ராணிகள் தவிர எல்லாரும் சாவார்கள். கதை எழுதுங்கள், கண்டிப்பாக. "நீயும் அப்படி இரு" என்ற வரி மட்டும் அதில் இருக்கக் கூடாது.

பெயர் கேட்டீர்களே. இந்தியாவில் இவை இமயமலைப் பக்கம் உண்டு, நம் ஊரில் இல்லை. மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு வேறு. அதன் பெயரை இதற்கு ஒட்டாதீர்கள். உங்கள் பையனே ஒரு பெயர் வைக்கட்டும். அப்புறம், சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தேன் வைக்காதீர்கள், வேறு தேனீக்களின் நோய் அதில் இருக்கலாம்.